திரும்பி வராத ஒன்பது பேர்



  

சில மாதங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். பல ஆண்டுகளாக மாதம் தவறாமல் தம் ஓய்வூதியத்திலிருந்து ஒரு தொகையை இந்த ஊழியத்துக்குப் பிரித்து அனுப்புகிறவர். கடிதத்தின் நடுவில் ஒரு கேள்வி இருந்தது. "ஐயா, உங்கள் அறிக்கையில் எத்தனை பேருக்குக் கை அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை பேருக்குப் புண் ஆறியது என்றெல்லாம் எழுதுகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் சுகமானவர்களில் எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதுவதே இல்லையே, ஏன்?"

இதை அவர் குறை சொல்லும் எண்ணத்தில் கேட்கவில்லை. பலர் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை அவர் நேரடியாகக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். அவருக்குத் தனிக்கடிதம் எழுத உட்கார்ந்து, இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தக் கட்டுரையே அவருக்கும், அவரைப் போல் எண்ணுகிற மற்றவர்களுக்கும் பதிலாக இருக்கட்டும்.

லூக்கா 17-ஆம் அதிகாரத்திலுள்ள பத்துக் குஷ்டரோகிகளின் சம்பவம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். பத்துப் பேரும் தூரத்தில் நின்று கூப்பிட்டார்கள். ஆண்டவர் அவர்களை ஆசாரியரிடம் போகச் சொன்னார். போகும் வழியிலேயே பத்துப் பேரும் சுத்தமானார்கள். ஒருவன் மாத்திரம் திரும்பி வந்து பாதத்தில் விழுந்தான். அவன் சமாரியன். மற்ற ஒன்பது பேரைக் குறித்து ஆண்டவர் வருத்தத்தோடு விசாரித்தார்.

நன்றி ஆராதனை நாட்களில் இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கிக்கும்போது, நன்றி மறந்த ஒன்பது பேரை நாம் நன்றாகக் கண்டிக்கிறோம். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் தொழுநோய் வார்டில் வேலை செய்கிற எங்களுக்கு இந்தப் பகுதியை வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. ஒன்பது பேர் திரும்பி வரமாட்டார்கள் என்பது ஆண்டவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தும் பத்துப் பேரையும் சுகமாக்கினார். திரும்பி வராதவர்களுக்கு நோய் மறுபடியும் வந்தது என்று லூக்கா எழுதவில்லை. அந்த ஒன்பது பேரும் சுத்தமான தோலோடு வீட்டுக்குப் போய், மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். கொடுத்ததை ஆண்டவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கிருபை என்ற சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். "தேவ கிருபையால் நலம்" என்று எழுதாமல் நம்மில் யாரும் கடிதம் தொடங்குவதில்லை. அதிகம் புழங்கியதாலோ என்னவோ, அதன் கூர்மை மழுங்கிவிட்டது. தகுதியைப் பார்த்துக் கொடுத்தால் அது கூலி. திரும்ப வரும் என்று கொடுத்தால் அது கடன். புண்ணியம் சேரும் என்று கொடுத்தால், அதில் வாங்குகிறவனைவிடக் கொடுக்கிறவனுக்கே லாபம். இந்த மூன்றாவது வகை மற்றவர்களிடம்தான் உண்டு என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளில் கட்டிலின் தலைமாட்டில் அறைந்திருக்கும் பித்தளைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிருபை இந்த மூன்றிலும் அடங்காது. நல்லவன், தீயவன் இருவர் மேலும் தேவன் சூரியனை உதிக்கச் செய்து மழையைப் பெய்யச் செய்கிறார் என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன பிறகு, நாம் நிழலுக்கும் தண்ணீருக்கும் ஆள் பார்த்துச் சீட்டுக் கொடுக்க முடியாது.

இது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் இதை நடைமுறைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் இந்த நோயைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும்.

வேதத்தில் குஷ்டம் என்று சொல்லப்படுவது இன்றைய தொழுநோய் மாத்திரமல்ல. லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களைக் கவனமாக வாசித்தால், ஆடையிலும் வீட்டுச் சுவரிலும்கூட அந்தத் தோஷம் வருவதைக் காணலாம். பலவகைத் தோல் நோய்களுக்கும் பூஞ்சைக்கும் பொதுவான பெயராக அது இருந்தது. இன்று நாம் தொழுநோய் என்பது ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆகவே இது சாபமுமல்ல, முற்பிறவி வினையுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல, பரம்பரை நோயுமல்ல.

அந்தக் கிருமி மிகவும் மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். அதனால் தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய சராசரியாக ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷமும் ஆகலாம். சிகிச்சை பெறாத ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கி வாழும்போது, பெரும்பாலும் மூக்கு, வாய் வழியாக வெளிப்படும் நுண்துளிகளால் பரவுகிறது. அப்படியும் நூற்றில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி இருப்பதால் அவர்களுக்கு நோய் வருவதில்லை. கைகுலுக்குவதாலும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாலும், ஒரே பேருந்தில் போவதாலும் தொற்றாது.

1981-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகிய மருந்துகள் ஓர் அட்டையில் நாள்வாரியாக அடைக்கப்பட்டு வருகின்றன. நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் தன்மை போய்விடுகிறது. 1995 முதல் இந்த மருந்து உலகமெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நம் நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

"அப்படியானால் இந்த நோய் இன்னும் இருக்கிறதா?" என்று சபைகளுக்குப் போகும்போது கேட்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் எட்டிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. அது பெரிய சாதனை. ஆனால் அந்த அறிவிப்பைக் கேட்ட பலர், நோயே ஒழிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள். 2023-ஆம் ஆண்டில் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் சுமார் 1,82,000 பேர். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நம் நாட்டினர்.

கிருமி மருந்தில் சாகும். கிருமி தின்றுவிட்ட நரம்பு மறுபடி வருவது அரிது. இங்கேதான் இந்த நோயின் உண்மையான கொடுமை இருக்கிறது. முழங்கை ஓரமாகப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். முழங்காலுக்குப் பக்கத்திலுள்ள நரம்பு போனால் பாதம் தொங்கிவிடும். முக நரம்பு போனால் கண் மூடாது, தூங்கும்போதும் விழி திறந்தே கிடந்து பார்வை கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி போய்விடும்.

வலி இல்லாவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஒரு நாள் எங்கள் வார்டில் இருந்து பாருங்கள். கொதிக்கும் குழம்புச் சட்டியைத் துணியில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளத்தை மாலையில்தான் கவனிக்கிற தாய்மார் உண்டு. செருப்புக்குள் கிடந்த ஆணியின் மேல் ஆறு மைல் நடந்து வந்தவர் உண்டு. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்வில்லாத விரலில் காயம் பட்டு, புண்ணாகி, எலும்புக்குப் போய், சிறுகச் சிறுகக் குறைகிறது.

இந்த உண்மையை உலகத்துக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் நம் கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சலால் மரித்தார். தாயார் ஈவ்லின் அம்மையார், மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் மலைகளை விடாமல், 1974-ல் 95-ஆம் வயதில் இறக்கும்வரை ஊழியம் செய்தார். அப்படிப்பட்ட குடும்பத்திலும் தொழுநோய்க்கு மட்டும் ஒரு பயம் இருந்ததை டாக்டர் பிராண்ட் மறைக்கவில்லை. அவர் சிறுவனாயிருந்தபோது தொழுநோயாளிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். யாரையும் தயங்காமல் தொடும் தகப்பனார் அன்று கையுறை மாட்டிக்கொண்டார் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மிஷனெரிகளும் மனிதர்தானே. அந்த நாளில் மருந்தும் இல்லை.

1946-ல் டாக்டர் பிராண்ட் வேலூருக்கு வந்தார். அடுத்த ஆண்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே கை மடங்கிப்போன ஒரு நோயாளியின் உள்ளங்கையில் தம் கையை வைத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். அவருக்கே வலிக்கும் அளவுக்கு அந்தப் பிடி இறுகியது. செத்துவிட்டது என்று எல்லாரும் கைவிட்ட கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன! வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றித் தைத்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்நாளில் பொது மருத்துவமனைகளில் தொழுநோயாளியை வார்டில் சேர்ப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். ஆகவே வேலூரில் மிகச் சிறிய அளவில்தான் இந்த வேலை தொடங்கியது. 1948 முதல் விரல்கள் நிமிர்ந்தன.

ஒரு நோயாளியின் தோளில் கையை வைத்து டாக்டர் பிராண்ட் சிகிச்சையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் அழத் தொடங்கினாராம். தவறாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று பதறிக் கேட்டதற்கு, பல வருஷமாகத் தம்மை யாரும் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறேன் என்றாராம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கடுத்த சம்பவம். சபைகளில் இதை அதிகம் சொல்வதில்லை. கை சரியாகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், நன்றி சொல்ல அல்ல. முன்பு மடங்கிய கையை நீட்டினால் பிச்சை விழுந்தது. இப்போது நல்ல கையைப் பார்த்து யாரும் காசு போடுவதில்லை. தழும்பைப் பார்த்து யாரும் வேலையும் தருவதில்லை, குடியிருக்க வீடும் தருவதில்லை. "எங்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்களே" என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையைச் சரிப்படுத்தியதோடு வேலை முடியவில்லை என்று புரிந்துகொண்டார். வேலூரில் நவஜீவ நிலையம் பிறந்தது. அங்கே அவர்கள் தச்சு வேலை கற்றார்கள், பொம்மை செய்தார்கள். உணர்வில்லாத கையை எப்படிக் காப்பது என்று அவர்களும் மருத்துவரும் சேர்ந்தே கற்றார்கள். இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் காணாமற்போவது எப்படி என்று ஒருவர் விழித்திருந்து பார்த்தபோது, எலி கடிப்பது தெரியவந்தது. அதற்குப்பின் ஆளுக்கொரு பூனை கொடுக்கப்பட்டது. தேவ கிருபை சில சமயம் பூனை ரூபத்தில் வரும்.

டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1954-ல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போன அந்த இளம் மருத்துவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தமக்குக் கிடைக்காத நடையை மற்றவர்களுக்குக் கொடுக்க, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தையும் வளர்த்தார். இவர்களிடம் எத்தனை பேர் திரும்பி வந்து நன்றி சொன்னார்கள் என்ற கணக்கு எங்கும் இல்லை.

இனி என் சொந்தக் கதை. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் இந்த ஊழியத்துக்கு வந்த புதிதில் புண்ணுக்குக் கட்டுக் கட்டும் அறையில் வேலை செய்தேன். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த ஒருவர் உள்ளங்காலில் புண்ணோடு வருவார். மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் படுக்க வைத்து, ஆற்றி அனுப்புவோம். எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி கொடுப்போம். மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த அந்தச் செருப்பு, உணர்வற்ற பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் பரவச் செய்யும். நான்கு மாதத்தில் அதே இடத்தில் புண்ணோடு மறுபடி வந்து நிற்பார், வெறுங்காலோடு. அப்படி ஏழாவது தடவை வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, உங்களுக்கு எத்தனை தரம்தான் சொல்வது? யாரோ மனமுவந்து கொடுத்த காசில் செருப்புத் தைத்துக் கொடுத்தால், அதைப் போட உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று எல்லார் முன்பாகவும் சத்தம் போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கே மூத்த நர்ஸ் ஒருவர் இருந்தார். "தம்பி, நீ கொஞ்சம் வெளியே இரு" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. அந்தச் சிஸ்டர் தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மரத்துப்போன தோலைச் சுரண்டிக்கொண்டே சாவதானமாகக் கேட்டார். "ஏம்பா, செருப்பு கடிக்குதா?"

"கடிச்சாத்தான் எனக்குத் தெரியாதே சிஸ்டர்" என்று முதலில் சிரித்தார். பிறகு சொன்னார். "இந்தக் கருப்புச் செருப்பு இன்னாருக்குன்னு ஊருக்கே தெரியும். போட்டுக்கினு போனா டீக்கடையில கிளாஸு குடுக்க மாட்டேன்றான். ஊர் எல்லையில வேலிப் புதர்ல வச்சிட்டுத்தான் உள்ள போவேன். திரும்பி வரும்போது சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது."

நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு தடவை அவர் வந்தும் நான் ஒரு தடவையாவது "ஏன்" என்று கேட்டிருக்கவில்லை.

எங்கள் செருப்புத் தைப்பவரோடு கலந்து பேசி, கடையில் விற்கும் சாதாரணப் பழுப்பு நிறச் செருப்புப் போலவே மேல்பட்டை வைத்து, அடியில் மட்டும் அந்த ரப்பரைப் பொருத்திக் கொடுத்தோம். வேறு இடங்களிலும் இந்தக் குறையை உணர்ந்து, பார்வைக்கு வித்தியாசம் தெரியாத செருப்புகளை இப்போது செய்கிறார்கள். ஒரு செருப்பின் நிறம் கிருபைக்குத் தடையாக இருக்கும் என்று எந்த வேதாகமக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எளிதாகத் தப்பித்திருப்பேன். கால் ஆறிக்கொண்டு வரும்போது அந்த மனிதர் நாளை எண்ணத் தொடங்கினார். "வர்ற அமாவாசைக்குள்ள கட்டுப் பிரிச்சிடுவீங்களா?" என்று தினமும் கேட்பார். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் கோயிலுக்குப் போவது அவர் வழக்கமாம். கால் நோவால் ஒரு வருஷமாகப் போக முடியவில்லை. என் மனசு கசந்தது. விசுவாசிகள் வயிற்றைக் கட்டி அனுப்பின காணிக்கையில் ஆறின கால், அங்கேதானா நடந்து போக வேண்டும்? சிஸ்டரிடம் சொல்லியும் விட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "கால் அவருடையது தம்பி" என்று சொல்லிவிட்டு, அமாவாசைக்கு முந்தின நாள் வசதியாக இருக்கும்படி கட்டுப் பிரிக்கும் தேதியைச் சீட்டில் எழுதினார்.

அந்த இரவு நான் தூங்கவில்லை. நான் எங்கே தவறினேன் என்று புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு இரவு போதவில்லை, சில வருஷங்கள் ஆயின. பாதத்தை நம் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிற மனிதனால் நம்மிடம் "இல்லை" என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் அவனிடமிருந்து நாம் வாங்குகிற "ஆம்" எதற்கும் மதிப்பில்லை. தூண்டிலில் கோத்த புழுவை மீனுக்கு இட்ட விருந்து என்று யாரும் சொல்வதில்லை.

அதற்காக ஆண்டவரின் நாமத்தை நாங்கள் ஒளித்து வைக்கவில்லை. வார்டில் காலை ஜெபம் உண்டு. விருப்பமுள்ளவர்கள் வருவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் பல் துலக்குவார்கள், தூங்குவார்கள். ஏன் எங்களை இப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு, மறைக்காமல் காரணத்தைச் சொல்கிறோம். கேட்டு விசுவாசித்தவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் எண்ணி அச்சடிப்பதில்லை. ஆசிரியர் ஐயா, உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில் இதுதான். எங்கள் பதிவேட்டில் புண் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் கேட்டதை எழுத இடம் இல்லை. இருக்கவும் கூடாது என்று நினைக்கிறேன். அந்தப் பத்தி பதிவேட்டில் வந்துவிட்டால், நாளைக்கே எந்தக் கட்டிலுக்கு முதலில் போவது என்பதை அது தீர்மானிக்கத் தொடங்கிவிடும்.

இந்த வேலை நமக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்ததுமல்ல. 1874-ல் வெல்லெஸ்லி பெய்லி என்ற அயர்லாந்துக்காரர், பஞ்சாபில் கண்ட காட்சியால் மனதுருகித் தொழுநோய் மிஷனைத் தொடங்கியது உண்மை. காந்தியடிகள் சேவாகிராமத்தில் பர்ச்சூரே சாஸ்திரி என்ற சமஸ்கிருதப் பண்டிதரின் புண்களைத் தம் கையால் கழுவியதும், பாபா ஆம்தே ஆனந்தவனத்தைக் கட்டியதும் உண்மையே. இன்று கிராமம் கிராமமாகச் சென்று மாத்திரை அட்டை கொடுக்கிற அரசு சுகாதார ஊழியர்கள் எல்லா மதத்தாரும்தான். அவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படாவிட்டால் நமக்குள் ஏதோ கோளாறு இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். 1179-ல் கூடிய லாத்தரன் திருச்சங்கம், தொழுநோயாளிகளுக்குத் தனிக் கோவிலும் தனிக் கல்லறையும் வேண்டும் என்றது. அன்று அதை இரக்கமாகவே எண்ணினார்கள். தமிழ்நாட்டிலோ நோயே தேவைப்படவில்லை. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமையை விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, ஒரே திருவிருந்தில் சேர மனமில்லாமல் பிரிந்து போனவர்கள் நம் முன்னோர்கள். அந்தக் கதையை விரித்தால் இந்த இதழ் போதாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சபையிலிருந்து வாலிபர்கள் பழப் பொட்டலங்களோடு எங்கள் வார்டைச் சந்திக்க வந்தார்கள். நன்றாகப் பாடினார்கள். பொட்டலத்தைக் கொடுக்கும்போது மட்டும், நோயாளி நீட்டிய கையில் வைக்காமல் போர்வை மேல் மெதுவாகப் போட்டுவிட்டுப் போனார்கள். ஓர் அம்மாள் நீட்டின கையை மடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். நாங்களும் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தோம் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டது, அவன் சுத்தமான பிறகு அல்ல, அதற்கு முன்னே. அதற்குப் பின் நடந்ததையும் கவனியுங்கள். சுகமானவன் ஊருக்குள் போய் எங்கும் பேசித் திரிந்தான். ஆண்டவரோ வெளியரங்கமாய் ஊருக்குள் வர முடியாமல் வனாந்தரத்தில் தங்க நேர்ந்தது. அவன் நின்றிருந்த இடம் இவருக்கு வந்துவிட்டது.

சட்டங்கள்கூட மெல்ல மாறிவிட்டன. தொழுநோயாளிகளை அடைத்து வைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த பிரிவுகள் 2019-ல் எடுக்கப்பட்டன. டீக்கடைக் கிளாஸுக்குத்தான் இன்னும் சட்டம் எட்டவில்லை.

உங்கள் சபையிலோ தெருவிலோ யாருக்காவது வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அதில் தொட்டால் உணர்வு குறைந்திருந்தால், மெதுவாகத் தனியாக அழைத்துச் சொல்லி, அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். கூடப் போவதுதான் முக்கியம். நரம்பு கெடுமுன் மாத்திரை தொடங்கினால் எங்கள் அறுவை சிகிச்சை அறைக்கு அவர்கள் வரவே வேண்டியதில்லை. அப்படி எங்கள் வார்டுகள் காலியானால் அதற்காக நாங்கள் தனியே ஒரு நன்றிக் கூட்டம் வைப்போம்.

சூளைத் தொழிலாளி இன்னும் வருகிறார். இப்போது மெய்யாகவே பெரியவர், பார்வையும் மங்கிவிட்டது. மேல்மலையனூருக்கு இன்றும் போகிறார். என்னைப் பார்த்தால் "தம்பி, செருப்பு போட்டிருக்கேன், பாத்துக்க" என்று காலைத் தூக்கிக் காட்டுவார். சென்ற மாதம் அவர் தனியாக வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தியையும் அவள் தாயையும் பேருந்தில் கூட்டி வந்திருந்தார். பிள்ளையின் முழங்கைக்கு மேல் ஒரு ரூபாய் அளவு தேமல். "எனக்கு மொதல்ல இப்படித்தான் வந்துச்சு, அதான் இட்டாந்தேன்" என்றார். நைலான் இழையால் தொட்டுப் பார்த்தோம். அந்த இடத்தில் அவளுக்கு உணர்வில்லை. விரல்களில் பலம் நன்றாக இருக்கிறது.

முதல் அட்டை மாத்திரை முடிந்து இரண்டாவது தொடங்கியிருக்கிறாள். மாத்திரையில் ஒன்று தோலைச் சற்றுக் கறுக்கச் செய்யும். அக்கம்பக்கத்தார் கேட்டால் என்ன சொல்வது என்று தாய்க்கு ஒரே கலக்கம். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. அந்தத் தாய்க்காகவும் பிள்ளைக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.